நீலம் தேறாது

பச்சையாங்குப்பத்தில் மதியம் ஒன்றரைக்கு
கடற்காற்று வரும்.
சிப்காட் முழுக்க அதற்குக் காத்திருக்கும்,
மேல்பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு.
நாங்கள் மட்டும்
ஷட்டரை இழுத்து மூடுவோம்.

பக்கத்துக் கம்பெனியின் பிளீச்சிங் தொட்டிக்கு மூடி.
போன முறை போட்ட எஸ்எஸ் மூடி
பதினாலு மாதத்தில் சல்லடையாகித் திரும்பி வந்தது.
இந்த முறை டைட்டானியம் என்றார்கள்.
விலையைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் போனில் மூச்சு மட்டும் கேட்டது.

பாரிமுனைக் கடையில் மூன்று தகடு சாத்தியிருந்தது.
ஒன்று கிரேடு ஐந்து. பலசாலி,
விமானத்துக்குப் போகும் ரகம்.
அதை ஒருமுறை மடித்துப் பார்த்திருக்கிறேன்:
பிரஸ்ஸில் வேட்டுச் சத்தம்,
பிறகு இரண்டு தகடு.
அடுத்தது கிரேடு இரண்டு,
சொன்னதைக் கேட்கும். கேட்பதுபோல இருக்கும்.
மூன்றாவதற்குச் சான்றிதழ் இல்லை, பாதி விலை.
கடைக்காரர் பிள்ளைமேல் சத்தியம் செய்தார்.
ஓரத்தில் கிரைண்டரை வைக்கச் சொன்னேன்.
டைட்டானியம் என்றால் பொறி வெள்ளையாய்த் தெறிக்கும்,
கம்பி மத்தாப்புபோல.
இது மஞ்சளாய் இருமியது.
பிள்ளையைப் பற்றி அதன்பின் நாங்கள் பேசவில்லை.

இறக்கும்போது
எஸ்எஸ் கனத்துக்குத் தோள்கொடுத்த வேல்குமரன்
பின்னால் சாய்ந்துவிட்டான்.
"உள்ள ஒண்ணுமே இல்லண்ணே" என்றான்,
இரண்டு மில்லித் தகட்டுக்கு
உள் என்று ஒன்று இருப்பதுபோல.

தொண்ணூறு பாகை மடித்து அழுத்தத்தை எடுத்தால்
பதினைந்து பாகை திரும்பிவிடுகிறது,
தாம்பூலம் மாற்றிவிட்டு
வீட்டுக்குப் போய் மனசு மாறும் சம்பந்திபோல.
கூடுதலாக மடிக்க வேண்டும். எவ்வளவு என்பதை
அட்டவணை ஒன்று சொல்லும், தகடு ஒன்று சொல்லும்.
துண்டு வெட்டி, மடித்து, அளந்து,
ஏழாவது துண்டில் சரியானதைச்
சாக்கட்டியால் சுவரில் எழுதினேன்.
ஊசியால் கோடு கிழிக்கக் கூடாது;
கிழித்த இடத்தை நினைவில் வைத்து
அங்கேயே பிளக்கும்.

வெட்டும்போது சுருள் ஒன்று பற்றிக்கொண்டது.
வேல்குமரன் தண்ணீர் வாளியை எடுத்தான்.
பாஸ்டினா அதை எட்டி உதைத்துவிட்டு
மணலைக் கொட்டினாள்.
தேவனாம்பட்டினத்து மணல், காயவைத்தது.
அதில் கருப்பாய் ஓடும் கோட்டில்
இதே உலோகம் இருக்கிறதாம்.
இருக்கட்டும்.

வெல்டிங் அவள் வேலை.
அசிட்டோனால் துடைத்த தகட்டை
யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது.
வியர்வையின் உப்பு போதும் கெடுக்க.
கடலூரில் உப்பில்லாத கை ஏது?
புதுக் கையுறை, ஆர்கான் முன்னால்,
பின்னால் ஒரு ஆர்கான், அடியில் ஒன்று.
சூடு ஆறும்வரை
காற்று என்று ஒன்று இருப்பதே
அதற்குத் தெரியக் கூடாது.

வெள்ளியாய்ப் போய்க்கொண்டிருந்தது கோடு.
டீ கொண்டுவந்த பையன்
ஷட்டரைச் சாண் உயரம் தூக்கி
தட்டை உள்ளே தள்ளினான்.
சாண் உயரக் கடல் உள்ளே வந்தது.

வெள்ளி, வைக்கோல், கத்தரிப்பூ,
அப்புறம் மயில்கழுத்து நீலம்.
வேல்குமரன் போட்டோ எடுத்தான்.
பாஸ்டினா முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள்;
எங்கிருந்து எங்கே என்று
பேனாவால் குறித்துவிட்டு டீயைக் குடித்தாள்.
பையனை யாரும் திட்டவில்லை.
டீ சூடாகத்தான் இருந்தது.

ஆய்வாளர் அப்துல் ரவூப்
பரங்கிப்பேட்டை பஸ் பிடித்து வந்தவர்,
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"அழகா இருக்கு" என்றார்.
"வெட்டிடுங்க."

வெட்டி, மறுபடி பற்றவைத்து,
மூடி போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றி
நல்லதாகவும் ஒரு போன் வரவில்லை.

அந்த நீலத் துண்டை
கேட் ஓரம் ஆணியில் மாட்டியிருந்தோம்.
இரண்டு ஐப்பசி தாண்டி
நேற்றுக் காலை தரையில் கிடந்தது,
ஒரு பொட்டுத் துரு இல்லாமல், அதே நீலமாய்.
அறுந்தது ஆணி.

புது ஆணி அடிக்க வேண்டும்.
எதில் அடிப்பது என்று கேட்கிறான் வேல்குமரன்,
சிரிக்காமல்.